பதினாலு-ஏ

பல்கலைக்கழக வாசலைத் தாண்டி அரை மணி நேரம் நடந்த பிறகுதான் பஸ் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் செம்பூர் முடிந்து சுன்னாபட்டி வந்துவிட்டது. இனி ஏறி என்ன ஆகப்போகிறது என்று நடந்துகொண்டே இருந்தேன்.

தோளில் ஒரு பிளாஸ்டிக் குழாய். கட்டட வேலை நடந்த இடத்தில் மிச்சமாகக் கிடந்ததை அறுத்து வாங்கியது. அதற்குள் என் மாணவர்கள் வரைந்த வரைபடம் சுருண்டு கிடந்தது. முதுகுப் பையில் நாலு புத்தகம், ஒரு டிபன் பாக்ஸ், புத்தகத்துக்கு நடுவே கசங்காமல் வைத்த ஒரு கடிதம்.

சுன்னாபட்டி முனையில் ஒரு பெண்மணி மாடியிலிருந்து எட்டிப்பார்த்துக் கூப்பிட்டார். "ஏ பிளம்பர்! டாங்கி தேக்கேகா க்யா?" தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருவாயா என்று கேட்கிறார்.

"நான் வாத்தியார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று காலை வரைக்கும் அது உண்மை. மதியத்துக்குப் பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன்.

நான் போய்க்கொண்டிருந்தது தாராவியில் ஒரு சந்துக்கு. மாரிக்கனி என்ற அம்மாவின் வீடு அங்கே பறிபோகும் நிலையில் இருந்தது. அதற்குக் காரணம் நான். பையில் இருந்த கடிதம் அதைத் தடுக்குமா தடுக்காதா என்பதைத் தவிர அந்த நடையில் வேறு எதுவும் யோசித்ததாக நினைவில்லை.

நான் நகரம் படித்த விதம்

ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளியை விட்டேன். பள்ளியும் என்னைத் தேடவில்லை. அப்புறம் உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் பேன்ட்டுக்கு நூல் பிசிறு வெட்டினேன். பாண்டுப்பில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டினேன். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருடம் காபி டம்ளர் கழுவினேன். எந்த இடத்திலும் காலூன்றி நிற்கத் தெரியவில்லை. ஒரு ஊர் பழகிவிட்டால் அடுத்த ரயிலைப் பார்ப்பேன்.

டம்ளர் கழுவிய காலத்தில்தான் இரவுப் பள்ளியில் சேர்ந்தேன். பிறகு அஞ்சல் வழியில் பட்டம், அதன் மேல் இன்னொரு பட்டம், விரிவுரையாளர் தகுதித் தேர்வு. எல்லாம் விட்டு விட்டு, இடையிடையே வேலை மாறி மாறி நடந்தவை. முப்பது வயதை நெருங்கும்போது ஒரு பல்கலைக்கழகத்தில் நகரவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர் ஆனேன். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள்.

முதல் நாள் வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் என்னை விட நல்ல ஆங்கிலம். கரும்பலகையில் "நகரம் என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தேன். ஒரு பெண் எழுந்து, "சார், நீங்களே சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்" என்றாள்.

எனக்குத் தெரிந்தது எந்த ரயிலில் எந்த நேரத்தில் யார் ஏறுவார்கள் என்பதும், எந்தப் பட்டறையில் மதியம் தூங்க விடுவார்கள் என்பதும்தான். அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

அடுப்பை எண்ணுதல்

அந்தப் பருவத்தின் களப்பணிக்கு அவர்களைத் தாராவியில் ஒரு சந்துக்குக் கூட்டிப்போனேன். நான் பிறந்த சந்து இல்லை, ஆனால் அதே மாதிரியான சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே ஒற்றை அறை வீடு, அதை அங்கே கோலி என்பார்கள். அதற்கு மேலே மாலா, அதாவது தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய மேல்தளம். மாலாவுக்குச் சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிறு.

மாணவர்கள் கைப்பேசியிலேயே வரைபடம் போடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "கதவுக்குக் கதவு நடங்க. சாக்பீஸால் எண் போடுங்க. அப்பதான் ஒரு வீடும் விட்டுப்போகாது" என்றேன்.

எது ஒரு வீடு என்று கேட்டார்கள். பாடத்தில் இருந்ததையே சொன்னேன். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். மாலாவில் தனி அடுப்பு இருந்தால் அது தனி வீடு. கீழே பதினாலு என்றால் மேலே பதினாலு-ஏ.

இன்றைக்கு யோசித்தால் நான் சொன்னதில் பாடம் பாதிதான். நானும் மாலாவில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் கீழ்வீட்டுக்காரர் பெயர் இருந்தது, அதற்குக் கீழேதான் என் அப்பா பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் அப்படித்தான். ஏணி ஏறி அந்தத் தகரக் கதவில் ஒரு மாணவன் "14A" என்று எழுதியபோது, கீழே நின்று பார்த்த எனக்குத் தொண்டையில் ஏதோ சுகமாக இறங்கியது. அந்தச் சுகம்தான் என்னை யோசிக்க விடவில்லை.

அந்தச் சந்தில் கதவு எண் என்றால் என்ன அர்த்தம் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்றாவது ஒருநாள் எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவார்கள், அன்று எந்தக் கதவில் எண் இருக்கிறதோ அந்தக் கதவுக்குத்தான் மாற்று வீடு என்று நம்பி வாழ்கிற இடம் அது. அங்கே பன்னிரண்டு பேர் கழுத்தில் அட்டை தொங்க வந்து, கதவு கதவாக எண் எழுதிவிட்டுப் போனால், அது பாடம் என்று யார் நினைப்பார்கள்?

நெயில் பாலிஷ்

நாலு நாள் கழித்து ஒரு போன் வந்தது.

"சார், நான் பதினாலு ஏ பேசுதேன்."

"யாரு?"

"பதினாலு ஏ, சார். மாரிக்கனி. உங்க பிள்ளைக எழுதிட்டுப் போச்சுல்லா? ஒரு பொண்ணு உங்க நம்பரு குடுத்துச்சு."

மாரிக்கனியை எனக்கு நினைவிருந்தது. அந்த மாலாவில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். விடியற்காலையில் இட்லி அவித்துச் சுற்றியிருக்கும் பட்டறைகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பார். கணவர் உல்லாஸ்நகரில் தையல் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

"சாக்பீஸு அழிஞ்சிருமேன்னு நெயில் பாலிஷ் வச்சு மேலயே எழுதிட்டேன். நம்பர் இருந்தா நம்ம பேர்ல கேஸ் கனெக்சன் கிடைக்கும்லா? இப்ப கள்ளச் சிலிண்டர்லதான் ஓடுது. அது தப்பா சார்?"

"தப்பில்லக்கா. ஆனா..."

"கீழ்வீட்டு அண்ணாச்சி பாத்துட்டாவ. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுன்னுட்டாவ. நான் எங்க சார் போவேன்? பட்டறை பூரா இங்கதான இருக்கு?"

அன்று மாலையே போனேன். மாரிக்கனி மட்டுமல்ல, இன்னும் ஏழெட்டு மாலாக்காரர்கள் எண்ணை நிரந்தரமாக்கியிருந்தார்கள். ஒருவர் ஆயில் பெயின்ட். ஒருவர் ஆணியால் தகரத்தில் கீறியிருந்தார். மாரிக்கனியின் கதவில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ், வளைவெல்லாம் அழகாக.

கீழ்வீட்டுக்காரர் சுடலைமுத்து பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்திருந்தார்.

"வாரும் வாத்தியாரே. உம்ம பேச்சக் கேட்டா நீரும் நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கு. நம்பர்னா என்னன்னு உமக்குத் தெரியாதா வே?"

"அது படிக்கிற பிள்ளைங்க எழுதுனது அண்ணாச்சி. சும்மா."

"சும்மாவா? நாளைக்கு ஆபீசர் வந்து 'ஏ' யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? என் கோலிய ரெண்டா பிரிச்சு எழுதிட்டுப் போயிட்டான், சும்மாங்காரு!"

"அழிச்சிருதேன்."

"அழிச்சா? இப்ப உம்ம புக்குல ஏறிருச்சுல்லா? காகிதம் கொண்டாரும். இந்த நம்பருக்கு மதிப்பு இல்ல, மேல இருக்கவுக வாடகைக்கு இருக்கவுகன்னு உங்க யுனிவர்சிட்டி காகிதத்துல எழுதிக் கொண்டாரும். இல்லன்னா அந்தப் பொம்பள இறங்கணும். எனக்கும் வேற வழியில்ல."

ஏணியின் உச்சியில் உட்கார்ந்து மாரிக்கனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவரின் அறை

எங்கள் துறைத் தலைவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த அம்மையார். அவர் பேசுவது போன்ற தமிழை முதன்முதலில் நான் கேட்டது கிங்ஸ் சர்க்கிளில் டம்ளர் கழுவும்போது. அதனாலோ என்னவோ, அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் கை ஈரமாக இருப்பது போல வேட்டியில் துடைக்கத் தேடுவேன். பேன்ட்தான் போட்டிருப்பேன்.

"யாரைக் கேட்டுண்டு சாக்பீஸ் எடுத்துண்டு போனேள், சந்திரன்?"

"யாரையும் கேக்கல மேடம். தப்புதான்."

"நீங்க அந்த ஏரியாவாச்சே. உங்களுக்கே தோணலையா?"

சுடலைமுத்து காகிதம் கேட்பதைச் சொன்னேன்.

"வாயால போய்ச் சொல்லிட்டு வாங்கோ. லெட்டர்ஹெட்டெல்லாம் முடியாது. ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு அதைக் கொண்டுபோய் கோர்ட்டுல வைப்பா. அப்போ யார் போய் நிக்கறது? நானா, நீங்களா?"

"வாயால சொன்னா அங்க யாரும் நம்ப மாட்டாங்க மேடம். அந்தம்மா வீடு போயிடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "டெம்பரரி ஸ்டாஃப் லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போடப்படாதுன்னு ரூல். அடுத்த வாரம் உங்க ரினியூவல் வேற. ஞாபகம் இருக்கோல்லியோ?"

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. தெருவில் பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போ என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

மாணவர்களின் அறிமுகக் கடிதத்துக்காகக் கொடுத்த லெட்டர்ஹெட்டில் இரண்டு தாள் என் அலமாரியில் மிச்சம் இருந்தது. பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் எழுதி, என் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அதன் நகல் ஒன்றை மேடத்தின் மேஜையில் வைத்து அதன் மேல் என் அடையாள அட்டையை வைத்தேன். அவர் வகுப்பில் இருந்தார். காத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று தெரிந்ததால் உடனே கிளம்பிவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் என்மேல் எங்கும் புகார் எழுதவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு வேறொரு பல்கலைக்கழகத்தில் நான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்தபோது சிபாரிசுக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். லெட்டர்ஹெட்டில் கொடுத்தார்.

சீல் எங்கே?

சயான் தாண்டித் தாராவிக்குள் நுழையும்போது வெயில் இறங்கியிருந்தது. பேக்கரிகளில் காரி பிஸ்கட் வேகும் நெய் வாசனை. அதற்குள்ளேயே தோல் வாசனை.

சுடலைமுத்து தையல் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பக்கத்துக் கதவுகளும் திறந்தன. நான் கடிதத்தை உரக்க வாசித்தேன். இந்தச் சந்தில் எழுதப்பட்ட எண்கள் மாணவர் பயிற்சிக்கானவை. இவற்றுக்கு எந்த அரசு மதிப்போ சட்ட மதிப்போ கிடையாது. மேல்தளங்களில் இருப்பவர்கள் வாடகைதாரர்களாகவே வசிக்கிறார்கள் என்று இரு தரப்பினரும் எங்களிடம் தெரிவித்தனர்.

சுடலைமுத்து தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார்.

"ரவுண்ட் சீல் எங்க வே?"

அதை நான் நினைக்கவே இல்லை.

"சீல் போட எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி."

"சீல் இல்லாத காகிதத்த வச்சு நான் என்ன செய்ய? பை தைக்கவா?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மாரிக்கனி ஏணியிலிருந்து இறங்கி வந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"கையெழுத்துப் போடவே எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி" என்றேன். "போட்டதுக்குத்தான் வேலைய விட்டுட்டு வாரேன்."

"வேலைய விட்டுட்டீரா?"

"ஆமா."

"இந்தக் கையெழுத்துக்கா?"

பையைத் திறந்து காட்டினேன். நாலு புத்தகம், டிபன் பாக்ஸ். அவர் பையைப் பார்த்தார், தோளில் இருந்த குழாயைப் பார்த்தார், மறுபடி கையெழுத்தைப் பார்த்தார்.

"வேல போயிருச்சுன்னா அப்ப இது அசல்தான்" என்றார் மெதுவாக. பிறகு திரும்பி, "மாரிக்கனி, மாசக் கடைசின்னு சொன்னத மறந்துரு. ஆனா அந்தச் சிவப்பு நம்பரு போகணும்" என்றார்.

மாரிக்கனி பிளேடு எடுத்துக்கொண்டு ஏறினார். நெயில் பாலிஷ் லேசில் வரவில்லை. சுருள் சுருளாக உரிந்து கீழே நின்ற என் தோளில் விழுந்தது. நான் செய்கிறேன் என்று சொன்னதற்கு, "இரும், இது என் கதவு" என்றார்.

முடித்துவிட்டு இறங்கி வந்து கடிதத்தைக் கேட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும். விரல் வைத்து வாசித்தார்.

"இதுல என் பேரு இருக்கா, தம்பி?"

அதுவரை சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா."

"நம்பரும் போச்சு, பேரும் இல்ல." தாளை மடக்கித் தந்தார். "சரி. மாலா இருக்கு. அரிசி ஊறப்போடணும்." ஏணியில் ஏறிவிட்டார்.

ஒன்றுக்கும் செல்லாத காகிதம்

விஷயம் அதோடு முடியவில்லை. சந்தில் எல்லோருக்கும் அந்தக் கடிதத்தின் நகல் வேண்டும் என்றார்கள். கீழ்வீட்டுக்காரர்களுக்கு, அதில் வாடகை என்ற சொல் இருக்கிறது. மாலாக்காரர்களுக்கு, மேல்தளத்தில் வசிக்கிறார்கள் என்ற சொல் இருக்கிறது. எங்கள் எண்களுக்கு மதிப்பில்லை என்று சொல்வதற்காக எழுதிய காகிதம் மதிப்புள்ளதாகிவிட்டது.

தொண்ணூறடிச் சாலையில் சேக் பாயின் ஜெராக்ஸ் கடைக்கு ஊர்வலமாகப் போனோம். சேக் பாய் பாதி இந்தி, பாதி தமிழ். மெஷினில் தாளை வைத்து வைத்து எடுத்தவர் நிமிர்ந்து, "க்யா லிகா ஹை இஸ்மே? என்ன எழுதிருக்கு, சினிமா டிக்கெட்டா?" என்றார்.

ஒருவர் லேமினேஷன் கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வைக்கிற பிளாஸ்டிக் கவரில், எதற்கும் மதிப்பில்லை என்று சொல்லும் என் கையெழுத்துச் சூடாகப் போய் உட்கார்ந்தது. நகரவியலில் நான் அதுவரை படித்ததில் இது இல்லை. பின்னால் பல வருடம் கற்பித்தபோது முதல் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். வரைபடத்தை அப்புறம்தான் விரிப்பேன்.

கூட்டம் போனதும் சேக் பாய் டீ சொன்னார்.

"இப்ப எங்க வேல?"

"இல்ல பாய்."

"நம்ம கிட்ட ஃபாரம் எழுத ஆளு இல்ல. ஜனங்க வந்து திரும்பிப் போறாங்க. இங்கிலீஷ், தமிழ், கையெழுத்து அச்சா. காலைல ஆ ஜாவ், வந்துடு. ஆனா இங்க சொந்தக் கையெழுத்துப் போடாதே, மாலூம், தெரியுதா? அது உனக்கு ஆகாது."

மறுநாள் காலை, நான் தங்கியிருந்த பாண்டுப்பிலிருந்து ரயில் பிடித்துப் போனேன். கடை வாசலில் ஒரு மடக்கு மேஜை, கால் ஆடும் நாற்காலி. மேஜைக்குக் கீழே அட்டை மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்தினேன். அதுதான் அடுத்த பதினான்கு மாதத்துக்கு என் வேலை.

முதலில் வந்தவர் மாரிக்கனி. இட்லி கொடுத்துவிட்டுக் காலிப் பாத்திரத்தோடு வந்திருந்தார். கையில் கேஸ் கனெக்சன் விண்ணப்பம். கூடவே சுடலைமுத்து. வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இருந்தால் போதும், வாடகைதாரருக்கும் கனெக்சன் உண்டு என்று விண்ணப்பத்தின் பின்பக்கம் அச்சிட்டிருந்தது. மாரிக்கனி அதை முந்தின நாள் அரிசி ஊறும்போது வாசித்திருக்கிறார். காலையில் ஏணியை விட்டு இறங்கியதும் அண்ணாச்சியிடம் காட்டியிருக்கிறார்.

"வாடகைக்குன்னுதான எழுதப்போறீரு? அப்ப எனக்கென்ன, கையெழுத்துப் போடுதேன்" என்றார் சுடலைமுத்து. "அந்தச் சொல்ல மட்டும் பெரிசா எழுதும் வே."

"என் பேரையும் பெரிசா எழுது தம்பி" என்றார் மாரிக்கனி.

வீட்டு எண் என்ற கட்டத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

"பதினாலுன்னு போடு. மேலன்னு போடு" என்றார் மாரிக்கனி. "'ஏ' வேண்டாம்."

எழுதினேன். பெயரையும் வாடகை என்ற சொல்லையும் ஒரே அளவில் எழுதினேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். தன் பட்டறையின் ரப்பர் ஸ்டாம்பை மறக்காமல் கொண்டுவந்திருந்தார், வட்டமானது. ஊதிக் காயவைத்தார்.

சேக் பாய் மெஷின் மூடியைத் திறந்தார். "கித்னா காப்பி?"

"ரெண்டு" என்றார் அண்ணாச்சி.

"மூணு" என்றார் மாரிக்கனி. "ஒண்ணு லேமினேசன்."